முடிக்காமல் விட்ட உபவாசம்

பாஸ்டர், நான் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னைக் கைகாட்டி, "இந்தச் சகோதரியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று பிரசங்கம் செய்தீர்கள்.

இதை மைக்கில் சொல்ல மூன்று ஞாயிறு கை தூக்கினேன். மூன்று தடவையும் நேரமில்லை என்றீர்கள். அதனால் எழுதிச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். இது என் சாட்சி. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல யாருடைய அனுமதியும் எனக்கு வேண்டாம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் ஸ்டெல்லா. கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் வீடு. திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடுகிறேன். கணவர் செல்வராஜ் வயரிங் வேலை செய்தார். ஒரே மகள் ஜெனி, காலேஜில் படிக்கிறாள்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, லீவு போட்டு உபவாச ஜெபத்துக்கு வந்தேன். நம் சபை வழக்கம் தெரியுமே. வாசலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கூடை. போனைச் சத்தமில்லாமல் வைத்து அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மூன்று மணிக்கு ஜெபம் முடியும். பிறகு எல்லோரும் பாயில் உட்கார்ந்து பயறு போட்ட கஞ்சி குடித்து உபவாசத்தை முடிப்போம்.

அன்றைக்குக் கஞ்சிக்கு முன்னால் போனை எடுத்தேன். கணவரிடமிருந்து நான்கு அழைப்பு. பிறகு தெரியாத நம்பரிலிருந்து ஏழு. கஞ்சியை வாங்காமலே ஓடினேன். ஆஸ்பத்திரியில் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். வேலைக்குப் போன வீட்டின் மாடியில் தனியாக இருந்தபோது நெஞ்சுவலி வந்திருக்கிறது. முதலில் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

அடக்கம் முடிந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பகல் முழுக்க வெறும் வயிறு. ஜெனி கத்தினால் சாயங்காலம் நாலு வாய். கேட்டவர்களிடம் உபவாசம் என்றேன். பொய் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் நம்பினேன்.

நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். "போன் என் கையில இருந்திருந்தா அவிய பொழைச்சிருப்பாவளா ஐயா?" என்று கேட்டேன்.

"தேவசித்தம் சகோதரி. கேள்வி கேக்காம ஜெபத்துல நில்லுங்க" என்றீர்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பிரசங்கம். சபையே அல்லேலூயா சொன்னது. என் சேலை இடுப்பில் நிற்காமல் பின் குத்தியிருந்தேன். அதை ஒருவரும் பார்க்கவில்லை.

ஜெனி பார்த்தாள். மலையாளம் பேசிப் பழகிய பிள்ளை. வீட்டுக்கு வந்ததும் பையை வீசிவிட்டு, "எனக்கு சாட்சியொண்ணும் வேண்டாம். அம்ம மதி" என்றாள். எனக்கு அம்மா போதும் என்கிறாள்.

அவள்தான் நகரத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனாள். இதைக் கேள்விப்பட்டு, விசுவாசம் செத்தவர்கள்தான் கவுன்சிலிங் போவார்கள் என்று நீங்கள் மைக்கில் சொன்னீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்த ஆலோசகர் நல்ல பெண். ஆனால் மலையாளத்தில் எனக்குப் பில் போடத் தெரியும், பஸ்ஸில் சண்டை போடத் தெரியும். அந்த நான்கு அழைப்பைச் சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நாள் சபைக்குப் போகாதீர்கள் சேச்சி என்றார். கணவரும் இல்லை, சபையும் இல்லை என்றால் நான் எங்கே போக?

தமிழ் ஆள் வேண்டும் என்று சென்னையில் ஒருவரைப் பிடித்தோம். வீடியோவில் வந்தார். "உங்க தமிழ் க்யூட்டா இருக்கு மேடம், மலையாளியா?" என்று தொடங்கினார். உபவாச ஜெபம் என்றால் என்ன, கூடை எதற்கு, எல்லாம் விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் நேரம் முடிந்தது.

மறுநாள் காலை ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. சண்டை. "ஆண்டவரே, என் துக்கத்துக்கு அகராதி போட்டுக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. முதலிலிருந்து விளக்க வேண்டாத ஒரே ஒரு ஆளைக் காட்டும். காட்டாவிட்டால் இனி உம்மோடு பேசமாட்டேன்." தினமும் இதையே சொன்னேன்.

ஒன்பதாம் நாள் ஒரு பெண் தன் அம்மாவை வயிற்று ஸ்கேனுக்குக் கூட்டி வந்தாள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். வெறும் வயிற்றில் வந்தார்களா என்று கேட்பது என் வேலை. மலையாளத்தில் கேட்டேன். என் பேச்சிலேயே ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள். தமிழில் பதில் வந்தது.

"நேத்தையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல்லக்கா. அம்மை பசி வந்து என்னையத் திட்டிக்கிட்டு இருக்காவ."

ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன். என் கைக்கடிகாரம் முழங்கை வரை சரிந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"நீங்க சாப்பிட்டியளாக்கா?"

"உபவாசம்."

"செரி. எப்பம் முடிக்கிய?"

எத்தனை மாதமாக எத்தனை பேர் பாராட்டினார்கள், எத்தனை பேர் கண்டித்தார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. உபவாசம் என்றால் முடிக்கிற நேரம் உண்டு. கஞ்சி உண்டு. இது நம்மில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கவுண்டரிலேயே அழுதேன்.

வரிசையில் ஒருவர், "எந்தா சேச்சி, பில்லு ஆயில்லே?" என்று சத்தம் போட்டார்.

"ஒரு மினிட் சேட்டா. ஸ்கேன் மிஷின் ஓடிப்போகில்லா" என்று அவளே அவருக்குப் பதில் சொன்னாள். போகும்போது கார்டு வைத்துவிட்டுப் போனாள். ஜெபசெல்வி, மனநல ஆலோசகர். என் ஜெபத்துக்குப் பதில் என் கவுண்டருக்கே நடந்து வந்தது. தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

அவளும் எல்லையோரத்தில் ஒரு சின்னத் தமிழ்ச் சபையில் வளர்ந்தவள். முதல் நாள் எனக்குப் பயம். "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டேன். சிரித்தாள். "அதச் சொன்னா, யாரு யாருக்குச் சொந்தம்னு பாக்கதுலயே ஒரு மணிக்கூர் போயிரும். நீங்க இங்க பேசுகது எங்க அம்மைக்குக்கூடத் தெரியாதுக்கா."

நான்காம் தடவை அந்த வெள்ளிக்கிழமையைக் காலையிலிருந்து ஒவ்வொரு மணியாகச் சொல்லச் சொன்னாள். கஞ்சியை வாங்காமல் ஓடினேன் என்றதும் கை காட்டி நிறுத்தினாள்.

"அப்பம் அண்ணைக்குள்ள உபவாசம் இன்னும் முடியல்ல. இல்லியாக்கா?"

அன்றுதான் அந்தக் கூடையின் மேல் எனக்கிருந்த கோபத்தை வாய்விட்டுச் சொன்னேன். ஆண்டவர் மேல் இருந்த கோபத்தையும் சொன்னேன். அவள் என்னை அடக்கவில்லை. தேவசித்தம் என்றும் சொல்லவில்லை, சபையை விடு என்றும் சொல்லவில்லை. இரத்தம் சோதிக்க டாக்டரிடம் அனுப்பினாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைத்தாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அந்த உபவாசத்தை வீட்டிலேயே முடித்தேன். ஜெனி கஞ்சி வைத்தாள். அடிப்பிடித்துவிட்டது. நான் சத்தமாக ஜெபித்தேன். "அவர் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. அது உண்மை. ஆனால் நான் அவரைக் கொல்லவில்லை." ஆமென் சொல்லிக் குடித்தேன்.

ஜெனி அகப்பையோடு நின்றாள். "உப்பு கூடிப்போச்சா அம்மா?"

"கூடிப்போச்சு. இன்னும் ஒரு தவி ஊத்து."

உடம்பு தேறிவிட்டது. துக்கம் இருக்கிறது, இருக்கட்டும். ஜெபசெல்வியிடம் இன்னும் மாதம் ஒருமுறை போகிறேன். உபவாசமும் இருக்கிறேன், டாக்டரிடம் கேட்டு, அரை நாள், போன் மடியில். கர்த்தருக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை.

சகோதரிகளே, மனம் உடைந்தால் ஆண்டவரிடம் கேளுங்கள். பொதுவாகக் கேட்காதீர்கள். என் பேச்சு தெரிந்த, என் கஞ்சி தெரிந்த ஆள் வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். இரண்டு பேர் சரியாக அமையவில்லை என்றால் மூன்றாவது ஆளைத் தேடுங்கள். இதில் வெட்கம் இல்லை, அவிசுவாசமும் இல்லை. எனக்குத் தந்தவர் உங்களுக்கும் தருவார்.

போன வெள்ளிக்கிழமை சபைக்கு வந்தேன். அந்த நீலக் கூடை வாசலில் அப்படியே இருக்கிறது. கூடைக்குள் யாருடைய போனோ வெளிச்சம் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய், "யாருக்குள்ளது இது?" என்று கேட்டேன். நீங்கள் என்னை முறைத்தீர்கள், பாஸ்டர்.

முறைத்தது போதும். வருகிற ஞாயிறு அதே மைக்கைப் பிடித்து, சபை முழுக்கக் கேட்கப் பதில் சொல்லுங்கள். அந்தக் கூடையை அங்கே வைக்கச் சொன்னது ஆண்டவரா, நீங்களா?