ஜெசிந்தா அக்கா நடந்து அளந்த வீதி

ஜெசிந்தா அக்காவின் மகள் அனுப்பிய செய்தி வந்தபோது நான் டேகெயார் வாசலில் குந்தியிருந்து என் பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா இண்டைக்குக் காலமை போயிட்டா. உங்களுக்குச் சொல்லச் சொன்னவ." இரண்டாவது வசனத்தில்தான் நான் உடைந்தேன். தான் போனபின் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அக்கா மகளிடம் பட்டியல் கொடுத்திருக்கிறார். அவரோடு வேலை செய்த உங்களுக்கு இதில் வியப்பிருக்காது. ஒரு கதவைக்கூடத் தட்டாமல் கடந்து போனவரில்லை அவர். முப்பத்தோராம் நாள் பூசைக்கும் போய்வந்த பிறகுதான் என்னால் எழுத முடிகிறது. பிந்தியதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சிறிய சமூக நிலையத்தில் வேலை செய்தோம். நகரத்தின் எந்தப் பகுதியில் வாழ்வது வசதி, எந்தப் பகுதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று அளந்து வரைபடம் தயாரிப்பது எங்கள் வேலை. கடையும் வைத்தியரும் பூங்காவும் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், குடியிருப்பவர்களுக்கு எவ்வளவு திருப்தி என்று பார்த்து, நல்ல பகுதிக்குப் பச்சையும் பின்தங்கிய பகுதிக்குச் சிவப்பும் போடுவோம். சிவப்புப் பகுதிகளுக்குத்தான் முதலில் வசதிகள் கேட்கப்படும். நான் இதைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து கணினியில் வரைபவள். அக்கா வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பவர். மன்னாரிலிருந்து வந்து, முதியோர் இல்லமொன்றில் நெடுங்காலம் வேலை செய்து, முழங்கால் தேய்ந்தபின் எங்களிடம் வந்தார். "முழங்கால் போன ஆளுக்கு நடக்கிற வேலை குடுத்திருக்கினம், பார்" என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

படிவத்தின் கட்டங்களை அவர் ஒருநாளும் மதித்ததில்லை. ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண் எழுதச் சொன்னால் ஓரத்தில் கதை எழுதிக்கொண்டு வருவார். அதைக் கணினியில் ஏற்றும் நான் பலமுறை அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

நான் குடியிருக்கும் அடுக்குமாடிகள் வரைபடத்தில் பச்சையாக வந்தன. கடை கிட்ட இருந்தது. அநேகமாக எல்லோரும் திருப்திக்கு ஐந்து போட்டிருந்தார்கள். அக்கா திரையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "எங்கட சனம் அஞ்சுக்கு அஞ்சுதான் போடும் பிள்ளை. விருந்துக்குப் போன வீட்டில உப்புக் காணாது எண்டு சொல்லுவமோ?"

மறுநாள் அதே கட்டடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஏழாம் மாடியில் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் கதவைத் திறந்தார்.

"குறையெண்டு ஒண்டும் இல்லை அக்கா. கனடா எங்களுக்கு எவ்வளவு செய்திருக்கு."

"அது சரி. நேற்று பாலுக்கு எப்பிடிப் போனனீங்கள்?"

"நேற்றோ? அவர் வேலையால வருமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான். இதுகளையும் கொண்டு உந்த றோட்டைத் தாண்டேலாது."

"அவர் பிந்தினால்?"

"பாலில்லாத வெறும் தேத்தண்ணியை ஊத்திக் குடுக்கிறதுதான்" என்று அந்தப் பெண் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

கடை முந்நூறு மீற்றர்தானே என்று நான் இன்னும் வாதாடினேன். "ஆர், பறந்தோ போறது? உன்ர பிள்ளையையும் கொண்டு வா, நடந்து பாப்பம்" என்றார். அது பெப்ரவரி. என் மகள் அப்போது கைக்குழந்தை. வீதிக்கு ஆறு வழித்தடங்கள். ஓரத்தில் வழித்துவிட்ட பனி இடுப்பளவுக்குக் குவிந்திருந்தது. கடையின் பெயர்ப்பலகை எதிரே தெரிந்தது. சிக்னல் விளக்கு தெரியவே இல்லை. அதைத் தேடிப் போய்க் கடந்து, மறுகரையால் திரும்பிவர இருபது நிமிடமானது. லொறிகள் போகும் ஒவ்வொரு தடவையும் நான் குழந்தையை வைத்துத் தள்ளிய ஸ்ட்ரோலரை இறுக்கிப் பிடித்தேன்.

"நீ இங்கதானே இருக்கிறாய். எப்பிடிக் கடக்கிறனீ?"

"முந்தி வாகனங்களுக்கு இடையில ஓடிக் கடப்பன். இப்ப ஞாயிற்றுக்கிழமையில இவர் காரில கூட்டிக்கொண்டு போவார்."

"அப்ப நீயும் அஞ்சுதான் போட்டிருப்பாய்."

"நாலு" என்றேன்.

அந்தக் குளிரில் ஸ்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். இதற்கென்றே படித்த நான், என் வாசலுக்கு முன்னாலிருந்த வீதியை ஒரு நேர்கோடாக வரைந்துவிட்டிருந்தேன். அன்று அவர் அதைக் குத்திக் காட்டவில்லை. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

எல்லாப் பகுதிகளையும் நடைபாதை வழியாகத் திரும்ப அளந்தோம். எங்கள் கட்டடங்கள் சிவப்பாயின. கீழ்மண்டபத்தில் கூட்டம் வைத்தபோது ஒரு தகப்பன் எழும்பி நின்று கத்தினார். "எங்கட பிள்ளையள் வளருற இடத்தைச் சிவப்பாக்கிப் போட்டியளே, இனி ஆர் எங்களை மதிப்பினம்?" அந்தப் பயம் எனக்குள்ளும் இருந்தது. நானும் கணவரும் அந்த நாட்களில் அங்கிருந்து மாறிப்போக, நகருக்கு வெளியே விட்பியில் வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் அமைதியாகச் சொன்னார்: "தம்பி, சிவப்பு உங்களுக்குப் போட்டதில்லை. உங்களுக்கு ஒண்டும் செய்யாமல் விட்டவைக்குப் போட்டது." அந்தத் தகப்பன்தான் பிறகு வீதிக்குச் சிக்னல் கேட்டுக் கையெழுத்துச் சேர்க்க மாடி மாடியாக ஏறினார்.

போன இலையுதிர் காலத்தில் கட்டடத்துக்கு நேரே சிக்னல் வந்தது. நாங்கள் கைதட்டினோம். அதற்குள் நோய் அக்காவைப் பிடித்துவிட்டிருந்தது. சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்து, தொலைபேசியில் நேரம் பார்த்தபடி கடந்தார். மறுகரைக்குப் போகுமுன், கடக்க மிஞ்சிய விநாடிகளைக் காட்டும் சிக்னல் எண்கள் முடிந்துவிட்டன. "நேரம் காணாது" என்றார். நேரத்தைக் கூட்டச் சொல்லி எழுதினோம். சராசரி நடைக்கு நேரம் போதும் என்று அதிகாரிகளிடமிருந்து பதில் வந்தது. அதை வாசித்துக் காட்டியபோது கட்டிலில் சாய்ந்தபடியே, "சராசரி ஆரும் றோட்டுக் கடக்கிறேல்லை பிள்ளை. ஒரு கிழவி கடப்பா, ஒரு பிள்ளைத்தாச்சி கடப்பா" என்றார். அந்தப் பதிலுக்கு அவர் எழுதத் தொடங்கிய மறுகடிதம் பாதியில் நின்றுபோனது.

கடந்த வாரம் அதை நான் எழுதி முடித்தேன். அதற்கு முன் அந்தச் சிக்னலில் மகளை ஸ்ட்ரோலரில் வைக்காமல் இறக்கிவிட்டேன். இப்போது அவள் தானாக நடக்கிறாள். நடுவழியில் யாரோ தவறவிட்ட கையுறையைக் கண்டு நின்றாள். தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றியது. ஆனாலும் தூக்கவில்லை, கையைப் பிடித்தபடி அவளுடைய வேகத்திலேயே நடந்தேன். நாலாவது தடத்தில் எண்கள் முடிந்தன. பஸ் சாரதி ஒருவர் எங்களுக்காகக் காத்து நின்றார்.

யார் எல்லோரையும்விட மெதுவாகக் கடக்கிறாரோ அவரைக் கொண்டு வீதியை அளப்பது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். கடிதத்தில் சராசரி எதுவும் இல்லை. என் மகள் கடக்க எடுத்த நேரம் இருக்கிறது, கையுறைக்காக நின்றதும் சேர்த்து.