முதலில் வைத்த ரேகை

வில்லாபுரத்தில் எங்கள் தெருமுனைக் கடையில், மெஷினில் விரலை வைத்தால் வங்கிப் பணம் தருகிறார்கள். போன மாதம் கடைக்காரர், “ரேகை விழல ஆத்தா, இன்னொருக்கா வைங்க” என்றார். “மொத வச்சது எங்க போச்சுன்னு காட்டுப்பா, அப்புறம் வைக்கிறேன்” என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

எங்களுடையது அப்பா இல்லாத வீடு. அம்மா பால் ஊற்றிச் சேர்த்த பணம் திருமங்கலத்தில் ஒரு வங்கியில் இருந்தது. ஐந்தாவதோடு நின்றுபோன என்னைப் பசுமலை ஹாஸ்டலில் சேர்ப்பதற்கென்று வைத்திருந்தாள். அவளுக்குக் கைநாட்டுதான். பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவது என் தாய்மாமன். பாஸ்புக்கும் அவரிடமே இருந்தது. “கையெழுத்தைப் பாத்து எழுதிரலாம். ரேகையை எவன் எழுதுவான்?” என்பாள் அம்மா, பெருமையாக.

ஒருநாள் மாட்டுத் தீவனத்துக்குக் கொஞ்சம் எடுக்கப் போனோம். பணம் எடுக்கும் பாரத்தில், தொகை எழுதுமுன்பே அம்மா நாட்டு வைத்தாள். “மை அப்பிருச்சுக்கா, இதுல வையி” என்று மாமா வேறொன்றை நீட்டினார். எனக்கென்னவோ முதலாவதும் நன்றாக விழுந்த மாதிரிதான் இருந்தது. அதை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் அம்மாவின் விரலைப் பிடித்து மையில் தொட்டு அழுத்தினேன். “மருமக கைராசிக்காரி!” என்றார் மாமா.

அடுத்த மாதம் நான் பெரியவளானேன். மாமா பட்டுத் தாவணி, வெள்ளிக் கொலுசு, இருபத்தோரு தட்டு என்று மேளத்தோடு சீர் கொண்டுவந்தார். “தம்பின்னா இவன்ல தம்பி” என்றது ஊர். அம்மா சந்தோஷத்தில் அழுதாள்.

பிறகு ஹாஸ்டலுக்குப் பணம் கட்ட வேண்டிய நாள் வந்தது. மாமா ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்ததால் நாங்கள் இருவருமே வங்கிக்குப் போனோம்.

“கணக்குல ஒண்ணும் இல்லையேம்மா. உங்களுக்கு மேலுக்கு முடியலன்னு தம்பி வந்து எடுத்துட்டுப் போனாரே. இந்தா உங்க நாட்டு. நீங்க வைக்கலைன்னா சொல்லுங்க, போலீசுக்கு எழுதிருவோம்” என்றார் அங்கிருந்தவர்.

மடித்த தடம் விழுந்திருந்த அந்தப் பாரத்தை அம்மா கையில் வாங்கிப் பார்த்தாள்.

“என் ரேகைதான். நாந்தேன் எடுத்துட்டு வரச் சொன்னேன்.”

திரும்பும் பஸ்ஸில் நான் அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் வீம்புக்கு மாமா தந்த பட்டைக் கட்டிக்கொண்டு, “எம் படிப்புக் காச முழுங்கிட்டயே. மாமாவுக்கு இருக்க பாசங்கூட ஒனக்கில்ல” என்றேன். அம்மா தாவணி மடிப்பைச் சரிசெய்துவிட்டாள். அது எந்தப் பணத்துப் பட்டு என்று அவள் சாகும்வரை எனக்குத் தெரியாது.