தட்டின் இரண்டாம் பக்கம்

ஒரே மைக் முன்னால் ரெண்டு பேர் நின்று பாடுகிற தொழிலில் மூன்றாவதாக ஏதாவது ஒன்று நுழையாமல் இருக்காது. காக்கா நுழையும், சங்கு நுழையும், சில சமயம் நம்முடைய கொழுப்பே நுழையும். இசைத்தட்டு போட ஆசைப்பட்டு மானம் போன மற்ற கூட்டாளிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். சொன்னால் பாரம் குறையும் என்கிறார்கள்.

என் பெயர் ஏழுமலை. வயது பதினேழு. வீடு, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரை ஒட்டிய கதிர்காமம், அப்பாவுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் பயிர். எனக்கு அந்த வேலை எதுவும் வராது. வந்தது ஒன்றுதான்: யார் பேசினாலும் மறு நிமிஷம் அவர் குரலிலேயே திருப்பிப் பேசுவேன். கணக்கு வாத்தியார், மீன்காரம்மா, பூசை வைக்கிற சாமியார், எதிர்வீட்டு ஆடு, எல்லாரும் என் தொண்டைக்குள் குடியிருந்தார்கள்.

சண்டையில் பிறந்த பாட்டு

என் கூட்டாளி லெயோன், சொல்தா வீட்டுப் பிள்ளை, அதாவது பட்டாளத்துக்காரர் மகன். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய், பென்ஷனோடும் ஒரு கிதாரோடும் திரும்பியவர். லெயோனுக்குப் பேச்சு திக்கும். ஆனால் பாடினால் திக்காது. அதனால் அவசரமாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் பாடிவிடுவான். "தண்ணி குடு" என்பதைக்கூட ராகம் போட்டுத்தான் கேட்பான்.

ஒருநாள் அவன் சைக்கிளை எடுத்துப்போய் டைனமோவை உடைத்துக்கொண்டு வந்தேன். திட்ட வாயெடுத்தான், முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. முகம் சிவந்துபோய் கிதாரை எடுத்தான். "டைனமோவ ஒடச்சவனே, வெளக்கு எங்கடா? இருட்டுல நான் எப்படிடா வூடு போவறது?" என்று, இலங்கை ரேடியோவில் கேட்ட ராக் அண்ட் ரோல் வேகத்தில் வெளுத்து வாங்கினான். நான் போலீஸ் சிப்பாய் குரலில், "வெளக்கில்லாம வந்தா புடிப்பேன், புடிச்சா உள்ள வெப்பேன்" என்று குறுக்கே பாடினேன். கால் மணி நேரத்தில் முழுப் பாட்டு தயார். எங்கள் முதல் பாட்டு. நான் குதித்தேன். அவன் நிஜமாகவே கோபத்தில் இருந்தான் என்பது கிதாரை அவன் கீழே வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"பா... பாட்டு நல்லாருக்கு. டை... டைனமோவ மாட்டிக் குடு."

முசே கொடுத்த வாக்கு

பதிவு செய்ய டேப் ரெக்கார்டர் வேண்டும். ஊரில் எங்களுக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரி மைக்செட் தட்சிணாமூர்த்தி அண்ணனிடம் விட்டுப்போனது. கல்யாண வீட்டுக்குக்கூட அந்தப் பெட்டியை அவர் வெளியே எடுக்கமாட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் கடைக் கதவு சாத்தியிருந்த நேரமாகப் பார்த்து, வெளியே நின்று லெயோன் அப்பாவின் குரலில், "தட்சிணாமூர்த்தி! நாளைக்கிக் காலையில பெட்டியோட வூட்டுக்கு வா! மெர்சி!" என்று அதட்டிவிட்டு ஓடிவிட்டேன்.

மறுநாள் காலை அண்ணன் பெட்டியைச் சுமந்துகொண்டு லெயோன் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். கதவைத் திறந்தவர் முசேயேதான். லெயோன் அப்பாவைத் தெருவே முசே என்றுதான் கூப்பிடும். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். முசே பெட்டியைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், எல்லாம் புரிந்துவிட்டது. லெயோனுக்குப் பதினெட்டு ஆனதும் பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு அனுப்புவதென்று அவர் முடிவு செய்திருந்தார். அங்கே நாலு அதட்டல் போட்டால் திக்கு தானாகச் சரியாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. அப்போது அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்களின் சண்டை நடந்துகொண்டிருந்தது. லெயோனின் அம்மா மாதா படத்துக்கு முன்னால் அழுதுகொண்டே இருப்பார். அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை.

"என் கொரல்ல சொன்னியா? அப்ப அது நான் குடுத்த வாக்கு. பாடுங்க. தட்டு வந்தா இவன் இங்க இருக்கட்டும். வரலன்னா பட்டாளத்துக்குக் கப்பல்."

அண்டா

ரேடியோவில் வரும் ராக் பாட்டுகளில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி முழங்கும். எங்களுக்கும் அது வேண்டும். கிணற்றில் மைக்கை இறக்கலாம் என்றேன், அண்ணன் முறைத்த முறைப்பில் அந்த யோசனை அங்கேயே செத்தது. கடைசியில் லெயோன் அம்மா சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை அண்டாவைக் கூடத்தில் படுக்கப்போட்டு, அதற்குள் தலையை விட்டுப் பாடினேன். லெயோன் மூன்றடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்து கிதார் வாசித்தபடி பாடினான். ஒரு தடவை மில்லின் பகல் சங்கு ஊதியது, மறு தடவை கோயில் மணி, அதற்கடுத்த தடவை அண்டாவுக்குள் எனக்கே தும்மல். டேப் சுருள் ஒன்றே ஒன்று என்பதால் அழித்து அழித்து எடுத்தோம்.

ஏழாவது தடவை ஒழுங்காக வந்தது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு அண்ணன் என்னைப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று அண்டாவிலிருந்து தலையை எடுத்தேன்.

"அண்டா நல்லாப் பாடுது தம்பி. நீ கொஞ்சம் ஒதுங்கிக்க."

பச்சைக் கண்

இதை எழுதும்போது காது சுடுகிறது.

அந்தப் பெட்டியில் பச்சை விளக்கு ஒன்று உண்டு. குரல் உள்ளே போகும்போது அது கண் மாதிரி சுருங்கி விரியும். பாட்டு முடிந்து லெயோன் அறுந்த கிதார் கம்பியை மாற்ற உள்ளே போனான். அண்ணன் பெட்டியை நிறுத்தாமலே டீ குடிக்க வெளியே போனார். கூடத்தில் நானும் பச்சைக் கண்ணும்தான். சும்மா இருக்க முடியுமா என்னால்? லெயோன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டேன். பிரெஞ்சு அதிகாரி குரலில் பெயர் கூப்பிட்டேன். 'வந்திருக்கேன்' என்பதற்கு அங்கே 'பிரெஸான்' என்று சொல்ல வேண்டுமாம். லெயோன் குரலில், "பி... பி... பி..." என்று ஆரம்பித்தேன். அவன் அந்த வார்த்தையை முடிப்பதற்குள் மற்ற சிப்பாய்கள் எல்லாம் சாப்பிட்டு, தூங்கி, சண்டைக்குப் போய், திரும்பியும் வந்துவிட்டார்கள். கடைசியில், "ஏ... ஏ... ஏ... ஏழுமலை, கா... காப்பாத்துடா!" என்று முடித்தேன்.

அண்ணன் திரும்பி வந்து சுருளைக் கொஞ்சம் பின்னால் ஓட்டிக் கேட்டார். முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. அழித்துவிடட்டுமா என்று கேட்டார். அப்புறம் பார்க்கலாம் என்றேன். மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லலாம், உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அதுதான் காரணம்.

"அப்புறம்னா எப்ப? அந்தத் தம்பி கேட்டதுக்கு அப்புறமா?"

கம்பெனிக்காரர் சிரித்தார்

மெட்ராஸிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனி ஆள் ஒருவர் எங்கள் ஊர்க் கடைகளைப் பார்க்க வந்தார். முசே தன் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு போய் அவரைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து அண்ணன் நோணாங்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு மைக் கட்டப் போயிருந்தார். அவர் எங்களிடம் விட்டுவைத்திருந்த பெட்டியை நான்தான் ஓட்டினேன். டைனமோ பாட்டு ஓடியது. கம்பெனிக்காரர் கால் ஆட்டினார், பிறகு ஆட்டவில்லை, பிறகு கொட்டாவி விட்டார். கொட்டாவியைப் பார்த்த லெயோன் அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பாட்டு முடிந்ததும் நிறுத்தத்தான் கையை நீட்டினேன். அதே நேரத்தில் கம்பெனிக்காரர் ஏதோ கேட்டார், பதில் சொல்லத் திரும்பினேன். அந்த இடைவெளியில் ஆரம்பித்துவிட்டது: "பி... பி... பி..."

பாய்ந்தேன். "விடு விடு!" என்று கம்பெனிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முதல் பக்கம் பாட்டு, இரண்டாம் பக்கம் இது என்றால் தட்டு போடலாம், இல்லையென்றால் வேண்டாம் என்றார். முசே எழுந்து நின்றார். "நோன்! அந்தத் தட்டு வேணாம்." லெயோன் அவரைப் பார்க்காமல், கம்பெனிக்காரரைப் பார்த்து, "ச... சரி" என்றான். கப்பலா இதுவா என்று அவன் ஒரு நொடியில் கணக்குப் போட்டு முடித்துவிட்டான்.

அவர் போன பிறகு லெயோன் என் பக்கம் திரும்பினான். கிதார் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. பாடவில்லை. பேசினான்.

"எ... எல்லாத்துக்கும் திக்குவேன். ஏழுமலைன்ற பேருக்கு மட்டும் நான் தி... திக்குனதே இல்ல. ரெண்டு வருஷமா நீ க... கவனிக்கவே இல்லியா?"

சிவப்பு விளக்கு

மெட்ராஸ் ஸ்டுடியோவில் கதவைச் சாத்தினால் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் ஆரம்பிக்க வேண்டும். பாட்டு இரண்டாவது தடவையிலேயே சரியாக வந்தது, அண்டாவின் உதவியே இல்லாமல். அடுத்தது இரண்டாம் பக்கம். அதிகாரி குரல் கணீரென்று வந்தது. "லெயோன்!" என்று கூப்பிட்டேன். பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். வாயைத் திறந்தேன். ஒன்றுமே வரவில்லை. நிறுத்தி, திரும்ப ஆரம்பித்தோம். அப்போதும் வரவில்லை. எதிர்வீட்டு ஆடு உட்பட எல்லாரும் குடியிருந்த தொண்டையில் அன்றைக்கு ஒரு ஈ காக்கா இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்காரர் கடிகாரத்தைக் காட்டினார்.

மூன்றாவது தடவை நான், "லெயோன்!" என்றதும் என் தோளை ஒரு கை ஒதுக்கியது. லெயோன் மைக்கிடம் குனிந்தான். "பி... பி... பி..." என்றான். எனக்குத் தெரியும், அவனுக்கு அந்த வார்த்தை நிஜமாகவே வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் சிரிப்பு. கடைசியில், "ஏ... ஏ... ஏழுமலை" என்றும் சொன்னான். அது நடிப்பா, நிஜமா? பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. விளக்கு அணைந்தது. பேசியது நான் இல்லை, அவன் என்று கம்பெனிக்காரரிடம் போய்ச் சொன்னேன். தட்டில் பலகுரல் என்று என் பெயரைப் போட வேண்டாம் என்றும் கெஞ்சினேன்.

"யாரு பேசினா என்னப்பா? தட்டுல மூஞ்சியா தெரியப்போகுது?"

காப்பிக் கடையில்

தட்டு வந்துவிட்டது. முசே சொன்ன சொல் தவறவில்லை. எழுதி வைத்திருந்த பட்டாளத்துக் காகிதத்தை மடித்து அலமாரிக்குள் போட்டுப் பூட்டினார், ஆனால் தட்டை ஒரு தடவைகூட அவர் போட்டுக் கேட்கவில்லை. லெயோன் இங்கேதான் இருக்கிறான். சாயந்திரம் இருவரும் சேர்ந்துதான் பாட்டு கட்டுகிறோம். என்னை, "டேய்" என்று மட்டும் கூப்பிடுகிறான். பெயரைச் சொல்லிப் பார்க்க அவனுக்கு மனமில்லை, சொல்லிக் காட்டு என்று கேட்க எனக்கு முகமில்லை.

போன வாரம் கடைத்தெருவில் காப்பி குடிக்கப் போனோம். முதலாளி எங்களைப் பார்த்ததும் தட்டை எடுத்து வைத்தார், நேரே இரண்டாம் பக்கம். கடையே சிரித்தது. லெயோன் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தான், அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது. பேசுவது நான் இல்லை என்று சொல்ல எழுந்தேன். லெயோன் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான். முதலாளி வந்து என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"எத்தினியோ கொரல் பண்ணியிருக்க, இதுதான்டா அச்சு அசல்! பக்கத்துல குந்தியிருக்கிற இந்தத் தம்பிக்கிகூட இவ்ளோ நல்லாத் திக்க வராது!"

ஊரில் பாதிப் பேர் குரலை நான் திருடியிருக்கிறேன், ஆனால் நான் பேசாத ஒரே குரலுக்குத்தான் என் பெயரைத் தட்டில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.