வெள்ளைத் துணிக்குள் ஒரு தூக்கம்

சலவை நிலையத்தில் அவளை மடிப்புக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரிலுள்ள விடுதிகளின் படுக்கை விரிப்பெல்லாம் வெளுக்க அங்கேதான் வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்ற காலோடு நின்று, முனையோடு முனை சேர்த்து, உதறி, மடித்து அடுக்குவாள். யார் யாரோ கால் நீட்டிப் படுக்கப்போகிற விரிப்பு. அவள் அப்படிக் கால் நீட்டிப் படுத்து இரண்டு வருஷம் இருக்கும்.

காரணம் மகள். நல்ல பெயர் ஒன்று வைத்துத்தான் இருந்தார்கள். வாயில் வருவதென்னவோ பம்பரம். சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்று நின்றால் அழும். ராத்திரி, பகல் என்கிற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது.

மடிப்புக்காரி பிறந்த வீட்டில் கடைக்குட்டி. நடை பழகுமுன்னே தாய் கண்ணை மூடிவிட்டாள். அண்ணன்மார் இரண்டு பேர், இருந்தும் இல்லாத கணக்கு. தூக்கி வளர்த்தது அக்காதான். அக்காவே அப்போது சின்னப் பெண். இடுப்பில் தங்கை, கையில் தண்ணீர் வாளி என்று அலைந்தவள். படுக்கப் போட்டால், தூங்குகிற வரைக்கும் முதுகில் தட்டிக்கொண்டே இருப்பாள். அந்த அக்காவைக் கட்டியவருக்குக் கடல் தாண்டி வேலை. போனவள் போனவள்தான். தங்கை கல்யாணத்துக்குக்கூட வர வாய்க்கவில்லை.

ஒரு நாள் போனில் சொன்னாள்: "கிளம்பி வாடி. பிள்ளையை என்கிட்ட குடுத்துட்டு, கதவைச் சாத்திட்டுத் தூங்கு. எவனும் உன்னை எழுப்ப மாட்டான்."

வெளிநாடு போகிறவர்களுக்கு என்னென்னவோ ஆசை இருக்கும். மடிப்புக்காரிக்கு வேண்டியது அந்தச் சாத்திய கதவு ஒன்றுதான்.

கணவர் பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பும், எந்த ஓட்டுநர் எதில் ஏறுவார் என்பதெல்லாம் அவர் கையில். நல்ல மனுஷர். ஆனால் சும்மா நிற்கிற வண்டியைக் கண்டால் அவருக்கு உடம்பு பொறுக்காது. பயணத்துக்குத் திட்டம் போட அவர் உட்கார்ந்ததுதான் தப்பாய்ப் போயிற்று.

கீழ்வீட்டு நாத்தனார் மாடியேறி வந்தாள். "அங்க வரைக்கும் போயிட்டு நம்ம அத்தை வீட்டு வாசல் மிதிக்காம வருவியாடா? அப்பா கூடப் பொறந்ததுல அது ஒண்ணுதான் மிச்சம்."

"சரிக்கா, திட்டத்துல போட்டுடறேன்."

அத்தை சேர்ந்தார். அத்தையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் இருக்கிற சித்தப்பா மகனை விடலாமா? அவனைப் பார்த்தால் அவன் மாமனார் வீட்டில் ஒரு வாய் தண்ணீராவது குடிக்காமல் வர முடியுமா? அந்த மாமனார் வேறு யாருமில்லை, மடிப்புக்காரியின் மூத்த அண்ணிக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா. இப்படி அவள் பக்கத்து உறவும் ஒன்று வந்து ஒட்டிக்கொள்ள, அவளுக்குத் தட்டிப் பேச வாயில்லாமல் போயிற்று.

"எங்க அக்கா வீட்டுல எப்பங்க?"

"வந்து இறங்குற ராத்திரி. அப்புறம் கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி."

"பகல்ல?"

"பகல்ல அங்க என்ன வேலை? தூங்குறதுக்கு ராத்திரி போதாதா?"

பம்பரம் ராத்திரியில் தூங்குகிற பிள்ளையாக இருந்தால் இந்தப் பேச்சே எதற்கு? அதைச் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

பாஸ்போர்ட்டுக்குப் பிள்ளையைப் படம் எடுக்கப் போனார்கள். முக்காலியில் உட்கார வைத்தால் பம்பரம் இறங்கி ஓடியது. பிடித்து வைத்தால் உடம்பை வில்லாக வளைத்தது. படக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு ஒரே வழிதான். அம்மா, நீங்க நாற்காலியில உட்காருங்க. தலையோட வெள்ளைத் துணியைப் போர்த்திடறேன். பிள்ளை உங்க மடியில. படத்துல பிள்ளை மட்டும்தான் தெரியும்."

துணி மேலே விழுந்தது. உள்ளே வெளிச்சம் பால் மாதிரி மங்கிப் போயிற்று. மடியில் பம்பரம் வெதுவெதுப்பாகக் கனத்தது. வெளியே டைம்கீப்பர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு பூனையாகக் கத்தினார், நாயாகக் குரைத்தார். இங்கே அவளைப் பார்க்க யாருமில்லை. எதையும் எடு, மடி, வை என்று சொல்லவும் யாருமில்லை.

"ஆச்சு, எழுந்திரிங்கம்மா."

துணி அசையவில்லை.

"அம்மா!"

டைம்கீப்பர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். தலை தோளில் சரிந்து, வாய் லேசாகத் திறந்து கிடந்தது. கை மட்டும் பிள்ளையின் இடுப்பை விடவில்லை.

உட்கார்ந்த வாக்கில் கண் சொருகுகிற ஓட்டுநரை அவர் எத்தனையோ பார்த்தவர். அப்படிப்பட்டவன் காலில் விழுந்தாலும் வண்டியில் ஏற்ற மாட்டார். சாவியைப் பிடுங்கி ஓய்வறைக்கு விரட்டிவிட்டுத்தான் மறுபேச்சு. தன் வீட்டு முகத்தை அந்தக் கண்ணோடு அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, துணியைப் பழையபடி விட்டார்.

"உடம்புக்கு முடியலையா?" என்றார் படக்காரர்.

"தூக்கம். கொஞ்சம் விடுங்க."

"அடுத்தவர் காத்துக்கிட்டு இருக்காருங்க. நாற்காலி வேணுமே."

"அவரை நிக்க வச்சு எடுங்க."

சாயங்காலம் நாத்தனாரிடம் சொல்லிவிட்டார். "அத்தை வீடு இந்தத் தடவை இல்லக்கா. யார் வீடும் இல்ல. நேரா இவ அக்கா வீடு, அங்கேயே இருப்பு."

"பொண்டாட்டி ஓதிட்டாளா?"

"அவ தூங்கிட்டு இருந்தா. அவளுக்கே தெரியாது."

"தூங்குறதுக்கா பிளேன் ஏறிப் போவாங்க?"

"ஆமா."

நாத்தனார் படி அதிர இறங்கிப் போனாள். சேதி கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்ததும் அத்தை போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

"அவங்க கோவிச்சுக்கிட்டாங்களேங்க," என்றாள் மடிப்புக்காரி.

"கோவிச்சுக்கட்டும். நீ தூங்கி எழுந்த பிறகு பேசிக்கலாம்."

மறுநாள் படக்காரர் கூப்பிட்டார். பிள்ளையின் இடுப்புப் பக்கம், துணிக்கு வெளியே அம்மாவின் இரண்டு விரல் படத்தில் விழுந்திருக்கிறதாம். இது செல்லாது, மறுபடி எடுக்க வேண்டுமாம்.

"மறுபடியும் நான் நாயாக் குரைக்கணுமா!" என்று டைம்கீப்பர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மடிப்புக்காரி அதற்குள் பம்பரத்துக்குச் சட்டை மாட்ட ஆரம்பித்திருந்தாள். "எடுத்துட்டாப் போச்சு. இப்பவே போவோங்க," என்றாள். "கடையில கூட்டம் இருக்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க. துணியை யாரும் அவசரமா எடுக்கக் கூடாது."