தலைவர் முதலில் கடித்த ஈத்தம்பழம்

யாழ்ப்பாணத்துச் சோனகர் தெருவில் நஸீரின் பழைய இரும்புக் கடையைத் தெரியாத ஆள் கிடையாது. அந்த நஸீரின் மூத்த மகன் ஷிஹாப், பல்கலைக்கழக முஸ்லிம் மாணவர் சங்கமான மஜ்லிஸுக்குத் தலைவரானவன். எப்படி ஆனான் என்று கேட்டால், கூட்டத்துக்குத் தின்ன ரோல்ஸ் வாங்கப் போய் ஆனான்.

அன்று மஜ்லிஸின் வருடாந்தக் கூட்டம். பழைய தலைவர் அபூபக்கர், அக்கரைப்பற்றுக்காரன், இறுதிப் பரீட்சை தலைக்கு மேல் நிற்க, பதவியை இறக்கி வைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தான். அவன் யாரைப் பார்த்தாலும் அந்த ஆள் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தது. கடைத்தெருச் சங்கங்களில் தலைவர் கதிரை என்றால் அதன் கால் முறியும் வரை இழுபறி நடக்கும். படித்த பிள்ளைகளோ கதிரையை ஆளுக்காள் தள்ளி விடுகிறார்கள். படிப்பு மனிதனை இந்தளவுக்குப் பயங்கொள்ளி ஆக்குமென்றால், ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை எறிந்துவிட்டுத் தராசைப் பிடித்தவர்கள் பாக்கியசாலிகள். அவர்கள் வீடு கட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளைப் படிப்பித்திருக்கிறார்கள், யாருக்கும் குனிந்து செருப்பு வார் கட்டியதில்லை.

"இல்லாத ஆளைப் போட்டா என்ன?" என்று அபூபக்கர் கேட்டான். "ஷிஹாப் இரிக்கான்தானே. நம்ம எல்லாரும் வந்தான் வரத்தான். அவன்தான் ஊரான்."

பெண்கள் பக்கத்தில் இருந்த செயலாளர் ஷம்னா, மன்னார்ப் பிள்ளை, நாக்கு கொஞ்சம் நீளம். "ஓம், சரியான ஆள்தான். மறுக்கிறதுக்கு ஆளும் இல்லை," என்றாள்.

ஷிஹாப் ரோல்ஸ் பெட்டியோடு உள்ளே வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். ரோல்ஸுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து அவனும் பல்லைக் காட்டினான். பிறகு அபூபக்கர் ஒரு றபர் ஸ்ராம்பையும், மஜ்லிஸுக்கென்று வைத்திருந்த ஒரு பழைய கைத்தொலைபேசியையும் அவன் கையில் வைத்தான். ஐந்து வேளைத் தொழுகைக்கும் தானாகப் பாங்கு சொல்லி அழைக்கும் தொலைபேசி அது.

"என்னடா இது?"

"நீதான் தலைவர்."

"நான் மாட்டன்."

"எழுதியாச்சு, ஏகமனதாகத் தெரிவெண்டு," என்றாள் ஷம்னா. குறிப்பேட்டை மூடியும் விட்டாள்.

அவன் மறுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அது அவன் கூட்டாளி பிரவீணனுக்கு மட்டும் தெரியும். ஊரான் என்று எல்லோரும் தூக்கி வைத்த ஷிஹாபுக்கு ஊர் தெரியாது. தொண்ணூறில் ஊர் முஸ்லிம்கள் எல்லோரையும் போலக் குடும்பத்தோடு துரத்தப்பட்டுப் புத்தளம் போன நஸீர், பல வருடங்கள் கழித்துத் திரும்பி வந்து, இடிந்த வீட்டின் சுவரைப் பிடித்து நிமிர்த்தியவர். மகனை மட்டும் படிப்புக் குழம்பக்கூடாதென்று புத்தளத்தில் மாமி வீட்டிலேயே விட்டுவிட்டார். பல்கலைக்கழகம் கிடைத்த பிறகுதான் ஷிஹாப் தன் சொந்த ஊருக்குப் பெட்டியோடு வந்து இறங்கினான். ஒருமுறை வகுப்புக் கூட்டாளிகளைத் தொண்டைமானாற்றில் குளிக்கவென்று கூட்டிப் போனான். போய் நின்ற இடம் நீர்வேலி வாழைத்தோட்டம். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர், "தம்பியவை எந்த ஊர்?" என்று கேட்டார். பிரவீணன்தான் பழியை இணைய வரைபடத்தில் போட்டு ஷிஹாபைக் காப்பாற்றினான்.

அதிலிருந்து அவனுக்கு இருந்த பயம் ஒன்றேயொன்று. இந்த ஊர் இவனுடையதில்லை என்று ஒருநாள் சபை நடுவில் யாராவது சொல்லிவிடுவார்கள். தலைவர் பதவி அந்தச் சபையைத் தேடிப் பிடித்து அவன் முன்னால் கொண்டு வந்து வைத்துவிட்டது.

நஸீருக்கு அந்தப் பயமெல்லாம் விளங்காது. மகன் தலைவரென்று கேள்விப்பட்ட அன்றே கடைக்கு வந்த எல்லோருக்கும் பிளேன்ரீ கொடுத்தார். "என்ரை மகன் யூனிவேர்சிற்றித் தலைவர்" என்றுதான் சொன்னார். மஜ்லிஸ் என்ற சொல்லை எங்கோ விழுத்திவிட்டார். உடைந்த தகரம் விற்க வந்த ஒருவர் தன் மகளுக்கு மருத்துவ பீடத்தில் இடம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். "கதைச்சுப் பாப்பம்," என்றார் நஸீர்.

நோன்பு வந்தது. வருடா வருடம் மஜ்லிஸ் ஒரு நாள் தமிழ், சிங்களப் பிள்ளைகளையும் விரிவுரையாளர்களையும் கூப்பிட்டு நோன்பு திறக்கும். அந்த நாளை வைத்துத்தான் தலைவரை நிறுப்பார்கள். ஷிஹாப் மண்டபம் எடுத்தான், கஞ்சிக்கு ஆள் பிடித்தான், ஒலிபெருக்கிக்கு அரியாலையிலிருந்து பிரவீணன் தன் சித்தப்பாவின் பெட்டிகளைக் கொண்டு வந்தான். எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு முறையும் பாங்கு சொல்லுகிற பையனுக்கு அன்று பார்த்துத் தொண்டை அடைத்துவிட்டது.

"மஜ்லிஸ் போன் இருக்குத்தானே. அதை ஒலிபெருக்கியிலை கொழுவுவம்," என்றான் ஷிஹாப்.

பிரவீணன் கொழுவினான். நோன்பின் மகத்துவம் பற்றிய படம் காட்டவென்று திரைச்சீலைகளெல்லாம் இழுத்து மூடியிருந்தன. மண்டபம் நிறைந்த சனம். முன்னால் கஞ்சிக் கோப்பை, சமோசா, ஈத்தம்பழம். படம் முடிந்து எல்லோரும் துஆவுக்குக் கை ஏந்தியிருக்க, ஒலிபெருக்கியில் கணீரென்று பாங்கு எழும்பியது.

தலைவர்தான் முதலில் ஈத்தம்பழத்தைக் கடித்தார். பிறகு மண்டபம் முழுக்கக் கஞ்சி உறிஞ்சும் சத்தம்.

ஷம்னா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எழும்பிப் போய் ஒரு திரைச்சீலையை விலக்கினாள். மாலை வெயில் மஞ்சளாக உள்ளே வந்து ஷிஹாபின் மூஞ்சியில் விழுந்தது.

"தலைவர்," என்றாள், "பொழுது இன்னும் படேல்லை."

உறிஞ்சும் சத்தம் நின்றது. வாயில் இருந்ததைத் துப்புகிற சத்தம் தொடங்கியது. நேரத்துக்கு முந்தித் திறந்தால் அந்த நோன்பு கணக்கில் வராது. பிறகொரு நாள் கழாவாகப் பிடிக்க வேண்டும். ஆனாலும் பொழுது படும் வரை வாயைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஆகவே மண்டபம் நிறைந்த சனம் பாதி குடித்த கஞ்சியைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. முன் வரிசையில் விரிவுரையாளர் அருளம்பலம் அரைச் சமோசாவோடு விறைத்துப் போயிருந்தார்.

"நானும் நிப்பாட்ட வேணுமோ தம்பி?"

"இல்லை சேர், நீங்கள் சாப்பிடலாம்."

"வேண்டாம். இவ்வளவு பேர் பாத்துக்கொண்டிருக்கேக்கை இது இறங்காது."

அபூபக்கர் மெல்ல ஷிஹாபின் காதுக்குள் வந்தான். அவன் முகம் செத்துப் போயிருந்தது. "மச்சான், அந்தப் போன்ல நான் நம்மட ஊர்ட நேரத்தத்தான் போட்டு வெச்சிருந்த. மாத்த மறந்திட்டன்."

கிழக்குக் கரையில் சூரியன் முந்தி எழும்பி முந்திப் படுக்கும். அக்கரைப்பற்றில் பொழுது பட்டதற்கு யாழ்ப்பாணத்தில் நோன்பு திறந்திருக்கிறார்கள்.

அதற்குள் பின் வரிசையில் ஒரு குரல் எழும்பிவிட்டது. "மெஷினிலை நிண்டது ஆர்? நோன்பில்லாத ஆளிட்டைப் பாங்கைக் குடுத்தால் உப்பிடித்தான்."

எல்லோரும் பிரவீணனைப் பார்த்தார்கள். அவன் வயரைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் ஒண்டும் அமத்தேல்லை மச்சான்," என்றான். சத்தம் அவனுக்கே கேட்டிருக்காது.

ஷிஹாப் எழும்பி ஒலிவாங்கியைப் பிடித்தான். "அவனிலை பிழையில்லை," என்றான்.

"அப்ப ஆரிலை? யாழ்ப்பாணத்தான் எண்டுதானே உம்மைத் தலைவராக்கினது. யாழ்ப்பாணத்திலை பொழுது எப்ப படுமெண்டும் தெரியாதோ?"

பயந்திருந்த சொல் வந்துவிட்டது. அபூபக்கர் பக்கம் கையை நீட்டினால் முடிந்தது. ஷிஹாப் கையை நீட்டவில்லை.

"தெரியாது," என்றான். "நான் புத்தளத்திலை வளந்தனான். உங்களிலை பாதிப் பேருக்கு இந்த ஊர் என்னைவிட நல்லாத் தெரியும். தொண்டைமானாற்றுக்கெண்டு உங்களை வாழைத்தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது போன் மெப் இல்லை, நான்தான். இண்டைக்குப் போனைக் கொழுவச் சொன்னதும் நான்தான். நேரத்தைப் பாத்திருக்க வேணும், பாக்கேல்லை."

அதோடு ஷிஹாப் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இரும்புக் கடைக்காரன் பெற்ற பிள்ளை. கை தாராளம் இரத்தத்தில் கிடக்கிறது.

"எல்லாருக்கும் ஒரு நோன்பு கழாவாய்ப் போச்சு. பெருநாள் முடிய எல்லாரும் ஒரே நாளிலை பிடிப்பம். திறக்கிறது எங்கடை வீட்டிலை, சோனகர் தெருவிலை. இப்ப நேரம் தெரிஞ்ச ஒராளைக் கேப்பம்."

தன் தொலைபேசியை எடுத்து வாப்பாவை அழைத்தான். எல்லோருக்கும் கேட்கட்டுமென்று ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"ஆர், தலைவரோ?" நஸீரின் குரல் மண்டபச் சுவரில் மோதியது. "பள்ளியிலை நிக்கிறன். கொஞ்சம் விலகுங்கோ காக்கா, என்ரை மகன், யூனிவேர்சிற்றித் தலைவர் கதைக்கிறான்."

அருளம்பலம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாப்பா, அங்கை பாங்கு சொல்லியாச்சோ?"

"இல்லை, இல்லை. மோதினார் இப்பதான் மைக்கைத் தட்டிக்கொண்டு நிக்கிறார். ஏன், அங்கை ஏதும் பிழைச்சுப் போச்சோ? முந்தநாளும் அழுதனிதானே, உந்தப் பதவியை எறிஞ்சுபோட்டு ஓடப்போறன் எண்டு."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பின் வரிசைக் குரலும் சிரித்தது. ஷிஹாபுக்குக் காது சுட்டது. மறைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்றதும் நிமிர்ந்து நின்று தொலைபேசியைப் பிடித்தான்.

"வாப்பா, கழா நோன்பு திறக்க எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிட்டன்."

"எத்தினை பேர்?"

"மண்டபம் முழுக்க."

நஸீர் மனதுக்குள் அரிசி அளந்திருப்பார்.

"முன் அறைக்கு இன்னும் கூரை போடேல்லையடா," என்றார் கடைசியில். "பரவாயில்லை, வரட்டும். வானத்தைப் பாத்துக்கொண்டு திறந்தால் நேரம் பிழைக்காது. வேறை, அந்தப் பிரவீணன் பொடியனையும் கூட்டிக்கொண்டு வா. உன்னை விட்டால் நீ வழி தெரியாமல் அரியாலைக்குப் போயிடுவாய்."

சிரிப்பு அடங்குவதற்குள் தொலைபேசிக்குள் மோதினார் செருமினார். பாங்கு எழும்பியது. யாழ்ப்பாணத்துப் பாங்கு, கரகரப்போடு.

ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை. பாங்கு பாதி போய்விட்டது. ஒருமுறை ஏமாந்த சனம் இனிப் பாங்கை நம்புமா? அத்தனை பேரும் ஷிஹாபையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் யன்னலைப் பார்த்தான். வேப்ப மரத்துக்குப் பின்னால் வெளிச்சம் செத்திருந்தது. ஒரு ஈத்தம்பழத்தை எடுத்து, பிஸ்மி சொல்லி வாயில் வைத்தான்.

"தலைவர்," என்றாள் ஷம்னா, "வாயிலை வைச்சால் காணாது. விழுங்குங்கோ. அதுக்குப் பிறகுதான் நாங்கள்."