காவடி மடத்துப் பச்சைக்கல் சுவர்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோச்சு. ஞாபகமும் முன்னே பின்னே ஆகிறது. ஊர் வரலாறு சேர்க்கிறவங்க மடத்தைப் பற்றித் தெரிந்ததை எழுதச் சொன்னதால் எழுதுகிறேன், பொறுத்துக்கோங்க.

பழனிக்குக் காவடி எடுத்து நடந்து போகிறவர்கள் வழியில் தங்கத்தான் எங்கள் நெசவுக்காரச் சனம் இந்த மடத்தைக் கட்டியது. சுடாத மண்கல், பச்சைக்கல் என்போம். மேலே சுண்ணாம்புப் பூச்சு. நான் வாக்கப்பட்டு வந்தபோதே அது பழசு. எதிர் ஊடு எங்களுது. சாயங்காலம் அங்கே விளக்கு வைக்கிறது நான்தான்.

போன ஐப்பசியில் பக்கத்து ஓட்டு வீட்டை ஒரு பனியன் கம்பெனிக்காரர் வாங்கி இடித்தார். அந்த வீட்டு ஓடுதான் அத்தனை வருசமும் மடத்துச் சுவரின் தலையையும் மூடியிருந்தது. அது போனதும் சுவர் வெறும் தலையோடு நின்றது. அடுத்த வாரம் எங்கள் சமூகக் கூட்டம். மடத்தை இடித்து மண்டபம் கட்டலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று பேச இருந்தார்கள். அதற்குள் சுவர் விழுந்தால் பேசவே ஒன்றுமில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. மனசுக்குள்ளேதான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் மேற்கே மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் எண்ணெய் சிந்தினாலும் கூரை ஒழுகினாலும் கை முதலில் பனியன் துணிக்குத்தான் போகும். அன்றைக்கும் அப்படியே. கம்பெனியில் கழித்துப் போட்ட துணியைச் சுருளோடு கொண்டுவந்து, சுவரின் தலைமேல் இரண்டு பக்கமும் தொங்கப் போட்டோம். ஏணியில் ஏறினது எங்கள் சமூகத் தலைவர். மண்டபம் வேணும் என்று பிடிவாதமாக நின்றவரே அவர்தான்.

கீழே ஒருத்தர் சிரித்தார். "ஏனுங்க, இடிக்கோணும்னு சொன்னீங்களே?"

"இடிச்சா நாம இடிக்கோணுமுங்க. மழைக்கு உட்டுக் குடுக்கறதா?"

மழை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் துணி தண்ணியைக் குடித்து உப்பிவிட்டது. தொங்கின பக்கமெல்லாம் கனத்து, ஓரத்துக் கல்லை வெளியே இழுத்தது. சுவரில் செம்மண் தண்ணி கோடு கோடாக இறங்கியது. கன்னிமூலைப் பக்கம், அதாவது தென்மேற்கில், ஒரு கட்டி மண் தொப்பென்று விழுந்தது.

"துணியை இழுத்துப் போடுங்க!" என்று நாலு பேர் பாய்ந்து பிடித்தார்கள்.

பக்கத்துக் கட்டட வேலையில் சித்தாளாக இருந்த தெக்கத்திப் பெண் கத்தினாள். "இழுக்காதீய! இழுத்தா செவரும் கூடச் சேந்துல்லா வரும்!"

எல்லோர் கையும் அப்படியே நின்றது. இழுத்தாலும் போச்சு, விட்டாலும் போச்சு. தலைவர் ஏணியில் நனைந்துகொண்டு எங்களைப் பார்க்கிறார். நான் வீட்டில் பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறவள். மடியில் கத்தரி இருந்தது. எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை.

"தொங்கறதை மட்டும் வெட்டி உடுங்க சாமி. மேல இருக்கறது இருக்கட்டும்."

ஏணியில் நின்ற தலைவரிடம் கத்தரியை நீட்டினேன். சின்னக் கத்தரி. நனைந்த துணி வழுக்கியது. அவர் ஒவ்வொரு முழமாக வெட்ட வெட்ட, நாங்கள் கீழே கையில் ஏந்தி வாங்கினோம். அந்தப் பெண் வேலையிடத்திலிருந்து தகரம் தூக்கிவந்தாள். அதை மெதுவாக மேலே தள்ளி மூடினோம். மழை வெறித்தபோது மூலை மட்டும் போயிருந்தது. சுவர் நின்றது.

கூட்டத்தில் தலைவர் எழுந்து, "அன்னிக்கு என் கையிலயே நின்ன செவுரு. அதை இடிக்க இப்ப எனக்குக் கை வரலீங்க" என்று உட்கார்ந்துவிட்டார். மூலையைக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவாச்சு. இப்போது பச்சைக்கல் அறுத்து நிழலில் காயப் போட்டிருக்கிறார்கள்.

விழுந்தது கன்னிமூலை என்று எழுதியிருக்கிறேன். திசை சொல்வதில் எனக்கு எப்போதும் குழப்பம். மடத்தை நெசவுச் சனம் மட்டும்தான் கட்டியதா என்பதும் நான் காதால் கேட்டதுதான். மூலையைப் பூசி மூடுவதற்கு முன்னால் யாராவது நேரில் போய்ப் பாருங்க, பெரியவர்களையும் கேளுங்க. தப்பாக இருந்தால் திருத்திப் போடுங்க.