தனக்கோடியின் வலது கை

தனக்கோடிக்குக் கார் ஓட்டாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். பெங்களூரு மர்பி டவுனிலிருந்து தினமும் ஊர்க்கோடி பொம்மசந்திராவுக்குப் போய், தானாக ஓடும் சோதனைக் காரில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வேண்டும். ஆபத்து வந்தால் தவிர ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. அடிக்கடி தொடுகிறவர்களைப் பயந்தாங்கொள்ளி என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். டாக்ஸி ஓட்டி இடுப்பு விட்டுப்போன பிறகு கிடைத்த வேலை இது. போனால் இன்னொன்று கிடைக்காது.

காரோ விதி தவறாத கார். எல்லாருக்கும் வழி விடும். விடட்டும், ஆனால் இந்த ஊரில் வழி விட ஆரம்பித்தால் எப்போது முடிப்பது? தொழிற்சாலைத் தெருவிலிருந்து பெரிய ரோட்டுக்கு இடப்பக்கம் திரும்பும் இடத்தில் அது நிற்கும், நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். டெம்போ போகும், தண்ணீர் லாரி போகும், தள்ளுவண்டிகூடப் போய்விடும். பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும். "ஏனம்மா, நித்தே மாட்தித்தீரா?" என்று தூக்கமா எனக் கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போவார்கள். திட்டெல்லாம் இவளுக்கு. காருக்கு ஏது மானமும் ரோஷமும்.

பின் இருக்கையில் லேப்டாப்போடு ஈரோட்டு இன்ஜினியர் சௌம்யா. "தொடாதீங்கக்கா. அதுவே முடிவு பண்ணட்டும்."

ஒருநாள் தனக்கோடியின் பொறுமை போய்விட்டது. ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கண்ணாடியை இறக்கி, ஊரே நீட்டுகிற மாதிரி, வலது கையை வெளியே நீட்டினாள். வந்த வண்டிகள் முனகிக்கொண்டு நின்றன. இடைவெளி கிடைத்ததும் கார் சமர்த்தாகத் திரும்பியது. திரையை விட்டுக் கண்ணெடுக்காத சௌம்யா, "தானாவே போயிருச்சுக்கா" என்று பூரித்தாள்.

பிறகு தினமும் இதே கதைதான். மாதக் கடைசியில் ஆபீஸில் கேக் வெட்டினார்கள். கார் அந்தத் திருப்பத்தைக் கற்றுக்கொண்டதாம், இனி ஓட்டுநர் இருக்கையில் ஆள் வேண்டாமாம். தனக்கோடி நேரே சௌம்யாவிடம் போனாள்.

"அது ஒண்ணும் கத்துக்கல மேடம். நான்தான் டெய்லி கைய நீட்டினு இருந்தேன்."

"எப்பக்கா?"

"நீங்க அந்தப் பொட்டியப் பாத்துனு இருக்கறப்ப."

சௌம்யா கார் கேமராவின் வீடியோக்களைப் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஓரத்தில் வளையல் போட்ட ஒரு கை. "ஏங்க்கா சொல்லல?"

"ஸ்டியரிங்கத் தொடாதன்னுதான சொன்னீங்க. நான் தொடலியே."

வேலை தப்பியது. கூடவே ஒரு புது விதி வந்தது, கண்ணாடியை இறக்கக்கூடாது என்று.

திங்கட்கிழமை அதே திருப்பத்தில் கார் நின்றது. மூடிய கண்ணாடிக்குள் உட்கார்ந்து திட்டு வாங்க வாங்க தனக்கோடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னால் நின்ற லாரியின் ஓட்டுநர் பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு ரோட்டில் போய் நின்று கையை நீட்டினார். வண்டிகள் நின்றன. கார் திரும்பியது.

"அக்கா, இன்னிக்கு நீங்க கை நீட்டாமலே போயிருச்சு" என்றாள் சௌம்யா, தட்டச்சு செய்துகொண்டே.

"எழுதாதீங்க மேடம்" என்றாள் தனக்கோடி. "மொதல்ல தலையத் தூக்கி வெளிய பாருங்க. என் வேலைய மறுபடி இந்த வண்டிக்குத் தூக்கிக் குடுத்துடாதீங்க."